தும்மல் இருந்த இடம்

என் மகனுக்கு,

நேற்றுக் காலையில் நீ கடைத்தரையில் உட்கார்ந்து பழைய மௌஸ் ஒன்றின் வயரைக் கடித்துக்கொண்டிருந்தாய். நான் அதை வாயிலிருந்து பிடுங்கியதும் அழாமல் என்னை நிமிர்ந்து பார்த்து "ப்பா" என்றாய். பக்கத்து வீட்டு அக்கா அதைக் கேட்டுவிட்டு, "எல்லாப் பிள்ளையும் மொதல்ல அதத்தேன் சொல்லும். ஒதடு ஒட்டிப் பிரிஞ்சா வர்ற சத்தம் அது. நீ மனசப் போட்டு ஒழப்பாத" என்றார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. இன்று உன்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு இருபது வயது முடிகிற அன்று இதை உன் கையில் கொடுப்பதாக இருக்கிறேன். எனக்கு இப்போது பத்தொன்பது. இதைப் படிக்கும்போது நீ, இதை எழுதுகிற அம்மாவைவிடப் பெரியவனாக இருப்பாய். அதனால் உனக்குப் புத்தி சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கு வயது தேவையில்லை. உன் அப்பாவின் குரல் நம்மிடம் இருந்தது. இருபத்துமூன்று நிமிடம் இருந்தது. நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டவரை நீ காதால் கேட்டிருக்க முடியும். அதைத் தொலைத்தது நான்தான்.

என் கூச்சத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாமே அதிலிருந்துதான் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் என்னை எழுப்பி ஒரு கேள்வி கேட்டார். எனக்கு விடை தெரியும். எழுந்து நின்றேன், வாய் திறக்கவில்லை. நாலு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப நின்னுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தை நடத்தினார். அந்தப் பீரியட் முழுக்க நின்றேன். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த வாரமும் போகவில்லை. என் அப்பா மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். அவருக்கு விஷயம் தெரியவே ஒரு மாதம் ஆனது. தெரிந்தபோது, "புடிக்கலைன்னா விட்ரு தாயி, யாரு ஒன்னய என்ன சொல்லப் போறா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றைக்கு யாராவது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த வகுப்பில் உட்கார வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. நீ ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறேன் என்று வந்து நின்றால், சரி என்று நான் உடனே சொல்ல மாட்டேன். அப்போது என்மேல் உனக்குக் கோபம் வரும். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பதினெட்டு முடிந்ததும் கல்யாணம் ஆனது. உன் அப்பாவுக்கு அப்போது இருபத்துநாலு. காளவாசல் சிக்னலைத் தாண்டி இரண்டாவது தெருவில், முன் அறை கடையாகவும் பின் அறை வீடாகவும் இருந்தது. நீ இப்போது தவழ்ந்து திரிகிற இதே தரைதான். வீடுகளுக்குப் பிராட்பேண்ட் வர ஆரம்பித்திருந்த நேரம். நெட் வரவில்லை, இரண்டு கம்ப்யூட்டரைச் சேர்க்க வேண்டும், சிடியில் சத்தம் வருகிறது படம் வரவில்லை, வைரஸ் புகுந்துவிட்டது, எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு விண்டோஸ் மாற்றித் தர வேண்டும் என்று நாள் முழுக்க அவரைக் கூப்பிடுவார்கள். அவர் ஒரு பையில் வயரும் கிளிப்பும் ஸ்க்ரூடிரைவரும் போட்டுக்கொண்டு வண்டியில் போய்விடுவார். கடையில் லேண்ட்லைன் போன் அடித்துக்கொண்டே இருக்கும். நான் என்ன செய்வேன் தெரியுமா? பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் போன் கேட்கவில்லை என்று நானே என்னிடம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு வாரம் பார்த்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் கேட்டார். "கடையில ஆளே இல்லையா மாப்ளன்னு ஊரே கேக்குது. ஏன் புள்ள எடுக்க மாட்டேங்கிற?"

"எடுத்து என்ன சொல்றது?"

"அவரு வந்ததும் பேசச் சொல்றேன்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

"அதுதான் வாயில வர மாட்டேங்குது."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, நீ பேச வேணாம். ஒனக்கும் சேத்து நான் பேசிர்றேன்" என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, ஹெட்போன் மைக்கைக் கம்ப்யூட்டரில் சொருகினார். அதில் குரலைப் பதிவு செய்கிற ஒரு சின்ன வசதி இருந்தது. சரியாக அறுபது விநாடி ஓடித் தானாக நின்றுவிடும். நீட்டுவதற்கு வழி இருக்கிறதாம், அவர் நீட்டவில்லை. "ஒரு நிமிசத்துக்கு மேல யாருக்கு இங்க பொறுமை இருக்கு?" என்றார். அன்றும் மறுநாளுமாக இருபத்துமூன்று ஃபைல் பேசி முடித்தார். ஒவ்வொன்றுக்கும் 'லைட்', 'வயர்', 'படம் வரல', 'சத்தம் வரல', 'பேக்கப்' என்று பெயர் வைத்தார். எல்லாவற்றையும் உள்ளே எங்கோ ஒரு ஃபோல்டரில் போட்டு, எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று திரையில் 'குரல்' என்ற பெயரில், அமுக்கினால் திறக்கிற ஒரு சின்னப் படத்தை வைத்துக்கொடுத்தார். போன் வந்தால் நான் எடுக்க வேண்டும். என்ன கோளாறு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். "ஒரு நிமிசம்" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நான் சொல்லிவிட்டு, அதற்குரிய ஃபைலைப் போட்டு, ரிசீவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும்.

உலகத்தில் வேறு எந்தக் கடையிலாவது இப்படி நடந்திருக்குமா என்று தெரியாது. நம் கடையில் நடந்தது. பழங்காநத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், மகளின் காதுகுத்து வீடியோவில் சத்தம் வருகிறது படம் வரவில்லை என்று கூப்பிட்டார். நான் 'படம் வரல' ஃபைலைப் போட்டேன். "கவலப்படாதீங்கண்ணே, ஒங்க படம் எங்கயும் போகல" என்று உன் அப்பாவின் குரல் ஆரம்பித்தது. "போகலைன்னா எங்கடா?" என்று அண்ணாச்சி கேட்டார். "உள்ளதான் இருக்கு" என்றது குரல், அவருக்கே பதில் சொன்னதுபோல. அவர் நம்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒன்று கேட்க, குரல் வேறொன்று சொல்ல, "மாப்ள, கொஞ்சம் நிப்பாட்டு. மாப்ள, நான் சொல்றதக் கேளு" என்று கத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் நேரில் வந்துவிட்டார். "இந்த வயசுலயே செவிடாயிட்டியாடா? நான் அம்புட்டுக் கத்துறேன், நீ ரேடியோப் பெட்டி மாதிரி பாட்டுக்கு வாசிக்கிற." உன் அப்பா முகத்தை அசைக்காமல், "லைன் சரியில்லண்ணே" என்றார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இந்த வீட்டுக்கு வந்து நான் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

எல்லாவற்றிலும் அதிகமாக ஓடியது 'லைட்' ஃபைல். நெட் வரவில்லை என்று யார் சொன்னாலும் அதுதான். அதை உனக்கு முழுதாக எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் வேண்டியிருக்கும். "வணக்கம்ணே. நெட்டு வரலையா? பதறாதீங்க. மோடத்துக்கு முன்னாடி போய் நில்லுங்க. எத்தன லைட் எரியுதுன்னு எண்ணுங்க. மூணாவது லைட்டப் பாருங்க. மினுக்குதா, நின்னு எரியுதா?" இந்த இடத்தில் அவர் தும்மிவிட்டார். பெரிய தும்மல். "மன்னிச்சுக்கங்க. மினுக்குச்சுன்னா போன் வயர்ல கோளாறு. வயரப் பிடுங்கி ஒரு ஊது ஊதித் திரும்பச் சொருகுங்க. நின்னு எரிஞ்சும் வரலைன்னா, எல்லாத்தையும் அமத்திருங்க. ஒன்னுலருந்து அறுவது வரைக்கும் எண்ணுங்க. மொதல்ல மோடத்தப் போடுங்க, லைட்டு நின்னதும் கம்ப்யூட்டரப் போடுங்க. இந்த ஒழுங்கு மாறக்கூடாது. அவசரப்" என்று அதோடு அறுபது விநாடி முடிந்துவிடும். தும்மலை எடுத்துவிட்டு மறுபடியும் பேசுங்கள் என்று நான் சொன்னேன். "விடு புள்ள, தும்முனாத்தான் மனுசன் பேசுறான்னு நம்புவாக" என்றார்.

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு பெரியம்மா கூப்பிடுவார். அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரில் மகன் முகத்தைப் பார்ப்பார். மழை பெய்தால் அவர் வீட்டு நெட் நின்றுவிடும். உடனே போன் வரும். "ஏத்தா, நெட்டு போயிருச்சு, எம் மகன் அங்க காத்துக்கிட்டு இருப்பான்." நான் 'லைட்' போடுவேன். மோடத்துக்கு முன்னால் போய் நின்று, அவர் வாய்விட்டு எண்ணுவது எனக்குக் கேட்கும். உன் அப்பா தும்முகிற இடம் வந்ததும், சொந்தப் பிள்ளை தும்மினால் சொல்வதுபோல, "நூறு" என்பார். யாராவது தும்மினால் நூறு வயது இருக்கட்டும் என்று நம் பக்கம் சொல்கிற அதே நூறுதான். பத்துப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகியிருக்கும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தும்மல், அதே இடத்தில் நூறு. ஒருநாள் வீட்டுக்கு வந்த உன் அப்பாவிடம், "ஒனக்கு ஞாயித்துக்கெழமையானா சளி புடிக்குமா தம்பி?" என்று கேட்டாராம். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பெரியம்மா சிரித்துவிட்டு, "மெசினோ மனுசனோ, தும்முனா நூறு சொல்லணும்" என்றாராம். அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

நீ என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தாய். முந்தின நாள் நல்ல மழை. மாட்டுத்தாவணிப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே கனெக்‌ஷனை இரண்டு வீட்டுக்கும் தர, மாடிக்கு மாடி வயர் இழுக்க வேண்டும். காலையில் கிளம்பும்போது, "போயிட்டு வாரேன். போன் வந்தா லைட்டப் போடு" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவரிடம் நான் கடைசியாக ஒன்றுமே சொல்லவில்லை. தலையை ஆட்டியதோடு சரி.

பதினோரு மணிவாக்கில் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சில பேர் அப்படித்தான், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். எனக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்? நெட்தான் போயிருக்கும் என்று நினைத்து, "ஒரு நிமிசம்" என்று சொல்லி 'லைட்' ஃபைலைப் போட்டு ரிசீவரைப் பிடித்தேன். முழு நிமிடமும் ஓடியது. வணக்கம்ணே, பதறாதீங்க, மூணாவது லைட்டப் பாருங்க, தும்மல், எல்லாம் ஓடி, 'அவசரப்' என்று நின்றது. ரிசீவரைக் காதில் வைத்தேன். ஒரு ஆம்பளை விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்டது. செல்வம் அண்ணன். உன் அப்பாவோடு சேர்ந்து வேலைக்குப் போகிறவர், உனக்கு மாமா முறை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசினார். ஈரக் கைப்பிடிச்சுவரில் கால் வைத்து வயரை எறிந்தபோது வழுக்கிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டதாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். சொல்ல வாய் வரவில்லை. வாய் வராத அந்த மனிதருக்கு நான் செத்துப்போனவரின் குரலை ஒரு நிமிடம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்தக் 'குரல்' படத்தை நான் தொடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் திரையில் அது இருக்கும், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். நீ பிறந்தாய். என் அம்மா வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனார். செல்வம் அண்ணன் வெளிவேலைகளைப் பார்த்துக்கொண்டார். கடையை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது அவர் மட்டும் சொல்லவில்லை. உனக்கு மூன்று மாதம் இருக்கும்போது கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறிவிட்டது. திறக்கவே கால் மணி நேரம் எடுத்தது. "அழிச்சிட்டு மாத்திப் போட்டாத்தான் சரி வரும் தங்கச்சி. நாளைக்கு வாரேன். முக்கியமானதக் காப்பி எடுத்து வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சிடியில் எழுதுவது எனக்குத் தெரியும், உன் அப்பா எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு புது சிடியைப் போட்டு, திரையில் இருந்த 'குரல்' படத்தைப் பிடித்து இழுத்து அதில் விட்டேன். எழுதி முடிந்தது என்று சொல்லி சிடி வெளியே வந்தது. மேலே உன் அப்பா பெயரை எழுதி, உன் துணி வைக்கிற பெட்டியில் வைத்தேன். சீக்கிரமாக முடிந்துவிட்டதே என்று ஒரு கணம் தோன்றியது. கண்முன்னால் இருந்ததை விட்டுவிட்டேன்.

மறுநாள் செல்வம் அண்ணன் வந்து உட்கார்ந்தார். "எடுத்திட்டியா?"

"எடுத்திட்டேண்ணே."

"அவன் பேசுனது?"

"அதுவும்தான்."

"தொறந்து பாத்தியா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். அது பொய். 'பேக்கப்' ஃபைலில் உன் அப்பா சொல்லியிருப்பார்: "எடுத்துட்டேன்னு சொல்லாதீங்கண்ணே. எடுத்தத வேற கம்ப்யூட்டர்ல போட்டுத் தொறந்து பாத்தீங்களா? பாக்கலைன்னா எடுக்கலைன்னு அர்த்தம்." எத்தனை பேருக்கு அதைப் போட்டிருப்பேன். எனக்கு மனப்பாடம். ஆனால் திறந்து பார்த்தால் அவர் பேசுவாரே. வணக்கம்ணே, பதறாதீங்க என்பாரே. ஆஸ்பத்திரி வாசலில் நின்று செல்வம் அண்ணன் கேட்ட அதே நிமிடம் மறுபடியும் ஓடுமே. அதற்குப் பயந்துதான் திறக்கவில்லை. செல்வம் அண்ணனும் சிடியைக் கேட்டுக் கையை நீட்டினார். பிறகு கையை இழுத்துக்கொண்டு, "சரி, நீ பாத்தா சரிதான்" என்றார். அவருக்கும் அதே பயம் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் பட்டனை அமுக்கினார். எல்லாம் அழிந்து புது விண்டோஸ் ஏறியது.

உனக்கு ஐந்து மாதம் ஆனபோது சத்தம் வந்த பக்கம் திரும்ப ஆரம்பித்தாய். ஒருநாள் காலையில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. உன்னை மடியில் வைத்துக்கொண்டு சிடியைப் போட்டேன். 'குரல்' படம் வந்தது. அமுக்கினேன். ஒரு சின்னப் பெட்டி வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். தேடுகிற இடம் காணவில்லை என்று சொல்லியது. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதே பெட்டி. எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியாது, நீ அந்த 'டிங்' சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

செல்வம் அண்ணன் வந்து பார்த்தார். பிறகு திரையில் அந்தப் படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். எள் அளவில் ஒரு அம்புக்குறி. "இது ஷார்ட்கட் தங்கச்சி. இது வீடு இல்ல, வீட்டுக்கு வழி எழுதுன சீட்டு. நீ சீட்ட மட்டும் எடுத்து வச்சிருக்க. இந்த அம்ப நீ பாக்கலையா?"

"திரையில இருக்குற எல்லாப் படத்துலயும் அந்த அம்பு இருக்கேண்ணே. அலங்காரத்துக்குப் போட்டதுன்னு நெனச்சேன்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அழிந்ததைத் தேடி எடுக்கிற ஏதோ ஒன்றை ஓடவிட்டார். இரண்டு நாள் ஓடியது. பெயர்கள் மட்டும் அரைகுறையாக வந்தன. திறந்தால் கிணற்றுக்குள் மணலைக் கொட்டுவதுபோல ஒரு இரைச்சல். இருபத்துமூன்றையும் அவர் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் முழுக்கக் கேட்டார், எங்கேயாவது ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று. கடைசியில் எழுந்து போகும்போது, "நான் போட்டுப் பாத்திருக்கணும். எந் தப்புதான்" என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பொய்யாகத் தலையை ஆட்டியது நான்தானே. அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.

வேறு எங்கும் அவர் குரல் இல்லையா என்று நீ கேட்பாய். கல்யாண சிடி இருக்கிறது. அதில் உன் அப்பா பேசுகிறார், சிரிக்கிறார், யாரையோ கூப்பிடுகிறார். ஆனால் வீடியோக்காரர் முதலிலிருந்து கடைசி வரைக்கும் பாட்டைச் சேர்த்துவிட்டார். வாய் மட்டும் அசைகிறது, பாட்டு ஓடுகிறது. ஓரிடத்தில் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்கிறார். வெயில் அடிக்குதா என்றோ, பசிக்குதா என்றோ கேட்டிருப்பார். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்திருந்ததால் எனக்கு நினைவில்லை. அவருடைய செல்போன் அவரோடு விழுந்து உடைந்துவிட்டது. நான் தேடாத இடம் இல்லை.

சிடி திறக்காமல் போனதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. போன் அடித்தது. திருப்பரங்குன்றத்துப் பெரியம்மா. உன் அப்பா போன பிறகு அவர் ஒரு தடவை நேரில் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார், அதன்பிறகு கூப்பிட்டதே இல்லை. "ஏத்தா, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் இருந்தேன். மூணு வாரமா நெட்டு வரல. எம் மகன் மொகத்தப் பாத்து மூணு வாரமாச்சு. செல்வத்தக் கொஞ்சம் அனுப்புறியா?" செல்வம் அண்ணன் அன்று திருமங்கலம் போயிருந்தார். "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டேன், பழக்கத்தில். சொன்ன பிறகுதான் போடுவதற்கு ஒன்றுமில்லை என்று உறைத்தது. ரிசீவர் கையில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு வயதான மனுஷி தன் பிள்ளையைப் பார்க்கக் காத்துக்கொண்டிருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு ஓட முடியாது.

நான் பேசினேன். "மோடத்துக்கு முன்னாடி போய் நில்லுங்க பெரியம்மா. பதறாதீங்க. எத்தன லைட் எரியுதுன்னு எண்ணுங்க." அவர் எண்ணினார். "மூணாவது லைட்டப் பாருங்க. மினுக்குதா, நின்னு எரியுதா?" என்றேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கத்திலிருந்து, "நூறு" என்று கேட்டது.

 அவர் வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு பெரியம்மா, "வாய் தன்னால சொல்லிருச்சுத்தா. மன்னிச்சுக்க" என்றார். அதுவும் உன் அப்பா அந்த இடத்தில் சொல்கிற வார்த்தைதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மினுக்குச்சுன்னா வயரப் பிடுங்கி ஊதித் திரும்பச் சொருகுங்க" என்று மீதியையும் சொன்னேன். அறுபது வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். லைட் மினுக்காமல் நின்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில், "வந்துட்டான், வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு ரிசீவரைச் சரியாக வைக்காமல் போய்விட்டார். அவருடைய மகன் "அம்மா" என்று கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. நான் உடனே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து போன் வந்தால் நான்தான் பேசுகிறேன். என் பேச்சு எல்லாம் உன் அப்பாவின் பேச்சு. பதறாதீங்க என்று அவர் சொன்ன இடத்தில் பதறாதீங்க என்கிறேன், அவர் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விடுகிறேன். நீ வளர்ந்து, அம்மா ஏன் போனில் மட்டும் வேறு மாதிரி பேசுகிறாள் என்று நினைத்திருந்தால், காரணம் இதுதான். நீ வீட்டில் கேட்டு வளர்ந்ததில் பாதி அவர் பேச்சு. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லப் பழகிக்கொள், மகனே. தலையை ஆட்டாதே. என் தலையாட்டல் ஒன்றில் உன் சொத்து போய்விட்டது. பயமாக இருக்கிற பெட்டியைத் தனியாகத் திறக்க முடியாவிட்டால், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு திற. செல்வம் அண்ணனிடம், எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது, நீங்கள் கேட்டுப் பாருங்கள் என்று அன்று சொல்லியிருந்தால் போதும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிடி இருக்கும். நீ பெரியவனாகும்போது சிடி போடுகிற பெட்டியே இருக்காது என்று செல்வம் அண்ணன் சொல்கிறார். அதனால் புதிதாக என்ன வருகிறதோ அதில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வருவேன். அதில் இருப்பது என் குரல். உன் அப்பா பேசிய ஃபைல்களை நினைவிலிருந்து நானே பேசியிருக்கிறேன். இருபத்துமூன்றில் இருபத்தொன்று வந்துவிட்டது. மீதி இரண்டுக்குப் பெயர் நினைவிருக்கிறது, உள்ளே இருந்தது நினைவில்லை. மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், மூன்றையும் வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து கடைசி வரைக்கும் கேட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் அறுபது விநாடிதான். 'லைட்' ஃபைல் 'அவசரப்' என்று நிற்கும். மீதியை எனக்குச் சேர்க்கத் தெரியும். ஆனால் அவர் சொன்னது அவ்வளவுதான்.

அந்த ஃபைலில், மூணாவது லைட்டப் பாருங்க, மினுக்குதா, நின்னு எரியுதா என்று நான் கேட்ட பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. கோளாறு என்று நினைத்துத் தள்ளி ஓட்டிவிடாதே. ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். அது உன் அப்பா தும்முகிற இடம். எனக்குத் தும்மல் வரவில்லை, அதனால் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அந்த இடம் வரும்போது, நீ நூறு என்று சொல்லு.

உன் அம்மா